விசேஷ வீட்டில் மேடை, நாற்காலி, பந்தி எல்லாம் எங்கே என்று கணினியில் வரைய வேண்டுமா? கையால் ஒரு தாளில் போட்டுக்கொண்டால் போதாதா?

கேள்வியைப் பார்த்தால், வீட்டில் ஒரு கல்யாணமோ மணிவிழாவோ வந்து, "நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு, நீயே பாத்துக்க" என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் தூணே இல்லாத புது மண்டபம், நாற்காலி மேஜை எல்லாம் மண்டபத்து ஆட்களே போட்டுவிடுவார்கள் என்றால் தாளும் பேனாவும் போதும். பழைய வீட்டில் வைப்பதாக இருந்தால் கட்டாயம் வரையுங்கள். அதுவும் அளவோடு வரையுங்கள்.

நான் காரைக்குடியில் விசேஷங்களுக்கு இட அமைப்பு செய்து கொடுக்கிறேன். அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வரைபடம் போடும் வேலை. விசியோ அங்கேதான் பழக்கம். அது 1992-லேயே வந்த மென்பொருள், 2000-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. நல்ல மென்பொருள்தான், ஆனால் ஒரே ஒரு விசேஷத்துக்காகக் காசு கட்ட வேண்டாம். லிப்ரே ஆஃபீஸ் டிரா இலவசம். அதன் அமைப்புகளுக்குள் போய் வரைபட அளவை 1:50 (தாளில் 1 அடி என்றால் நிஜத்தில் 50 அடி) என்று வைத்துவிட்டால், பரிமாணக் கோடு இழுக்கும்போது நிஜ அளவையே காட்டும். 60 அடிக் கூடம் ஒரு ஏ3 தாளில் அடங்கிவிடும். பிரவுசரிலேயே வேலை முடிய வேண்டும் என்றால் டிரா.ஐஓ இருக்கிறது. எதை எடுத்தாலும் அடுக்கு (லேயர்) வசதியைப் பயன்படுத்துங்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைப்பது போலத்தான். சுவரும் தூணும் ஓர் அடுக்கு, அதைப் பூட்டிவிடுங்கள். மேஜை நாற்காலி ஒன்று, மின்சாரம் ஒன்று, ஆட்கள் நடக்கும் வழி ஒன்று. கடைசியாகச் சொன்ன அடுக்கைத்தான் யாரும் போடுவதில்லை.

பொறியாளர்கள் கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேட் இருக்க இதெல்லாம் எதற்கு என்று இங்கேயே யாராவது கேட்பார்கள். தெரிந்தவர்கள் தாராளமாகப் போடட்டும். நான் சொல்வது தெரியாதவர்களுக்கு. இன்னும் சிலர், "அந்தக் காலத்தில் எந்தக் கம்ப்யூட்டர் இருந்தது? ஆயிரம் பேருக்குப் பந்தி போடவில்லையா?" என்பார்கள். போட்டார்கள். அப்போது அந்த வீட்டில் ஆட்கள் குடியிருந்தார்கள். எந்த நிலைக்கதவு எந்தப் பக்கம் திறக்கும், மழை வந்தால் முற்றத்தைச் சுற்றிய எந்தப் பத்தியில் (தாழ்வாரத்தில்) சாரல் அடிக்கும், எந்த நடையில் பெரியவர்கள் இடறுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இன்றைக்குப் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். விசேஷத்துக்குச் சாவி வாங்கித் திறக்கிறார்கள். வீட்டைப் பற்றிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால்தான் வரைபடம் தேவைப்படுகிறது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் நடந்த மணிவிழாவைச் சொல்கிறேன். முன் தெருவில் நுழைந்தால் முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு (அதற்குப் பின்னால் உள்ள பகுதி), அடுப்படி என்று போய்ப் பின் தெருவில் வெளியே வரும் வீடு. 300 பேருக்குச் சாப்பாடு. இரண்டாங்கட்டில் சாப்பாட்டுக் கூடம் 60 அடி நீளம், 16 அடி அகலம். சுவரோரம் முதுகு வைத்து, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. மேஜைக்கு ஒன்றரை அடி, உட்காருபவருக்கு இரண்டரை அடி. நடுவில் 8 அடி பரிமாற. ஓர் இலைக்கு 2 அடி என்று வைத்து, கதவுக்கு நேரே விட்டது போக ஒரு பந்திக்கு 52 இலை. அப்படியென்றால் 6 பந்தி. மதியம் மூன்றரை ஆகிவிடும்.

மணிவிழாக்காரரின் மைத்துனர், "நடுவுல மூணாவது வரிசை போடுங்க தம்பி, நாலு பந்தியில முடிச்சிரலாம்" என்றார். அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் அந்த வரிசைக்கு 4 அடி போனால் மிச்சம் 4 அடி, பக்கத்துக்கு 2 அடி. வாளியோடு ஒருவர் வரும்போது எதிரே இன்னொருவர் வர முடியாது. வாயால் சொல்லியிருந்தால் மதியம் வரை பேசிக்கொண்டிருந்திருப்போம். மடிக்கணினியில் அந்த வரிசையை வைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "சரி, வேற எங்க இடம் இருக்கு?" என்று அவரே கேட்டார். வளவைச் சுற்றிய பத்தியில் இரு பக்கமும் 12 இலை வீதம் போட்டுப் பார்த்தோம். அறைக் கதவுகளுக்கு நேரே விட்டும் இடம் இருந்தது. 76 இலை, 4 பந்தி.

அப்போது சமையல் மாஸ்டர் அண்ணன் ஒன்று கேட்டார்: "சாம்பார் வாளி எந்தப் பக்கமா வருது தம்பி? கை கழுவப் போறவுக எந்தப் பக்கமா போறாக?" நடை அடுக்கை எடுத்துக் காட்டினேன். பரிமாறும் வழி சிவப்பு, விருந்தினர் வழி நீலம். இரண்டும் வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில் உள்ள ஒரே நிலைக்கதவில் முட்டிக்கொண்டு நின்றன. கதவின் அகலம் மூன்றரை அடி, கீழே உயரமான வாசற்படி வேறு. பத்தியில் சாப்பிட்டவர்கள் பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போய்க் கை கழுவட்டும் என்று தண்ணீர்த் தொட்டியை அங்கே மாற்றினோம். ரெண்டே காலுக்குள் கடைசிப் பந்தி எழுந்துவிட்டது. ரசம் வரவில்லை, மோர் வரவில்லை என்று ஒரு குரல் கேட்கவில்லை. செட்டிநாட்டில் பந்தி பற்றிக் குறை வராமல் ஒரு விசேஷம் முடிந்தது என்றால் அதன் அருமை இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டுப் பெரிய ஆச்சி கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "இந்தப் படத்துல ஒண்ணு எனக்குப் போட்டுக் குடுப்பா. பேரன் பேத்திக கேட்டா காட்டணும்" என்றார்கள். ஏ3 தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் பரவாயில்லை, படியுங்கள். அலங்காரத்துக்கு வெளியூரிலிருந்து வரும் சிலர் இந்தச் சுவர்களில் இருபக்கப் பசை டேப் ஒட்டுகிறார்கள். அது சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்து இழைத்து மெருகேற்றிய பூச்சு. டேப்பை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வருகிறது. இன்றைக்கு அதைச் சரியாகப் பூசத் தெரிந்த கொத்தனார் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தேக்குத் தூணில் ஆணி அடிக்கிறார்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை விசேஷம் முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். அது சூளையில் சுடாத சிமெண்ட் கல், ஆசிட் பட்டால் நிறமும் மினுமினுப்பும் போய்விடும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. இங்கே என்னவென்றால் ஒரு நாள் பூத்தோரணத்துக்காகச் சுவரைப் பிய்க்கிறோம். கேட்டால், "வாடகை குடுத்திருக்கோம்ல" என்கிறார்கள். வாடகை கொடுத்தது உட்காரத்தான், உடைக்க இல்லை. ஏற்கெனவே எத்தனையோ வீடுகளைப் பிரித்துத் தூணும் கதவும் விலைக்குப் போய்விட்டன. நிற்கிற வீட்டையாவது விட்டுவைக்கலாம்.

அதனால் என் வரைபடத்தில் 'தொடக்கூடாத இடம்' என்று தனி அடுக்கு ஒன்று உண்டு. அலங்காரக்காரர், பந்தல்காரர், மைக்செட்காரர் எல்லோருக்கும் அது தெரிகிற பிரதியைத்தான் கொடுப்பேன். பந்தல் கயிறு, விளக்குச் சரம் எல்லாம் தனியாக நட்ட கம்பத்தில்தான் தொங்க வேண்டும். அந்தக் கம்பத்துக்கும் வரைபடத்தில் முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுங்கள், கடைசியில் தேடினால் கிடைக்காது.

அளவெடுக்கப் போகும்போது கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கூடத்தின் நீள அகலத்தோடு நிறுத்தாமல் தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி, ஒவ்வொரு நிலைக்கதவின் அகலம், வாசற்படியின் உயரம், முற்றம் எவ்வளவு இறக்கம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மணமக்களுக்கு என்று வாடகைக்கு எடுக்கும் சோபா நிலைக்கதவில் நுழையுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.