ஆவணியில் காய்ச்சல், கார்த்திகையில் முடி உதிர்வு

கேள்வி: அக்கா, எனக்கு வயது 28. பேரணாம்பட்டு. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு பின்னிப் பூ வைத்துக்கொண்டு ஓடுவேன். வீட்டில் போர் தண்ணிதான், ஒரே உப்பு. கார்த்திகையிலிருந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பாதியில் உடைந்தும் போகிறது. வேனில் வருகிறவர்கள் தண்ணிதான் காரணம் என்கிறார்கள். திருப்பதியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்கிறார் மாமியார். பார்லரில் 5,000 ரூபாய்க்குக் கெரட்டின் செய்யச் சொல்கிறார்கள். ஆவணியில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அதிலிருந்து உடம்பு தேறவே இல்லை. காலையில் டீயோடு சரி. என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு

பதில்: தங்கச்சி, டெங்குவைப் போகிற போக்கில் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அதுதான்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும். பெரும்பகுதி வளர்ந்துகொண்டிருக்கும், பத்தில் ஒரு பங்கு போல ஓய்வில் இருக்கும். ஓய்வு முடிந்த முடி விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான். கடுமையான காய்ச்சல் வந்தால் வளர்கிற முடியில் நிறைய ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் அப்போதே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மொத்தமாக விழும். பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து எடை குறைப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் இதே கதைதான். இடையில் மாதக்கணக்கு ஓடிவிடுவதால் காய்ச்சலை மறந்துவிட்டுத் தண்ணீரையும் ஷாம்புவையும் திட்டுகிறோம். இந்த உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். நெற்றி ஓரத்தில் குட்டை குட்டையாக முடி நீட்டிக்கொண்டு வந்தால் அது புதிதாக முளைப்பது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய பின்னல் திரும்ப நாளாகும்.

உடைவது வேறு விவகாரம். சீப்பில் வந்த முடி ஒன்றை வெள்ளைத் துணிமேல் வைத்துப் பாருங்கள். ஒரு நுனியில் கடுகை விடச் சின்னதாக வெள்ளை முண்டு இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது, காய்ச்சல் கணக்கு. முண்டும் இல்லாமல், நீளமும் இல்லாமல் துண்டாக இருந்தால் நடுவில் முறிந்தது. அந்தக் கணக்கு உங்கள் செவ்வாய், வெள்ளி விடியற்காலையுடையது.

ஈர முடி இழுத்தால் நீளும், எளிதில் அறுந்தும் போகும். அந்த நேரம் பார்த்து நாம் அதைச் சீப்பால் இழுக்கிறோம், இறுக்கிப் பின்னுகிறோம், மேலே ஒரு முழம் பூவும் வைக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பின்னலைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே இன்னும் சொதசொதவென்றுதான் இருக்கும். நாற்றமும் அரிப்பும் அதனால்தான்.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது குளிக்கிற நேரம். வெள்ளியை விட்டால் மாமியார் வருத்தப்படுவார், விட வேண்டாம். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு விளக்கேற்றுங்கள், படுப்பதற்குள் காய்ந்துவிடும். செவ்வாய்க்குப் பதில் ஞாயிறு. துண்டால் முடியை அடித்து உதறுவதை நிறுத்துங்கள். வீட்டில் பழைய குடியாத்தம் கைலி இருக்குமே, நாலைந்து வருடம் துவைத்து மெத்தென்று ஆனது, அதைத் தலையில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டால் ஈரத்தை உறிஞ்சிவிடும். பெரிய பல் சீப்பால் கீழ் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போங்கள். பின்னலைத் தளர்த்திப் போடுங்கள். வருடக்கணக்காக இறுக்கிப் பின்னினால் நெற்றி ஓரத்து முடி நிரந்தரமாகவே போய்விடும்.

தண்ணீரைப் பற்றி. பாலாற்றுக் கரைப் பக்கம் போர் தண்ணி எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், சிக்கு விழும். வேரை அது தொடாது. குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால் உப்புத் தண்ணியில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து ஒட்டிக்கொள்ளும், ஷாம்புவோ சீயக்காயோ போதும். பிறகு நுனிகளில் கண்டிஷனர். குழாயில் காவிரித் தண்ணி வருகிற அன்று ஒரு குடம் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகக் கேன் தண்ணி வாங்க வேண்டாம்.

எண்ணெய் முடியை வளர்க்காது. ஆனால் தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கும், தண்ணீரில் ஊறிப் பலவீனமாவதைக் குறைக்கும். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியின் நீளத்தில் தடவினால் போதும். பொடுகு இருந்தால் மண்டையில் தேய்க்காதீர்கள், பொடுகைக் கிளப்பும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் தீனி.

மொட்டை வேண்டுதல் என்றால் தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலே இருப்பதைத்தான் வழிக்கிறது. மழித்த முடி மொட்டை நுனியோடு வருவதால் தடவினால் கெட்டியாகத் தெரியும், அவ்வளவுதான். கெரட்டின் முடிமேல் பூசுகிற சமாச்சாரம், உதிர்வுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில கலவைகளைச் சூடுபடுத்தும்போது பார்மால்டிஹைடு என்கிற நச்சுப் புகை வேறு கிளம்பும். நானாக இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

எனக்கு உண்மையில் கவலை அந்த 'டீயோடு சரி'தான். டெங்குவிலிருந்து எழுந்த உடம்பு மதியம் வரை வெறும் டீயில் ஓடினால் முடிக்கு என்ன மிஞ்சும்? புரதம் வேண்டும். ராத்திரியே ரெண்டு முட்டை வேகவைத்து எடுத்து வையுங்கள், வேனில் உட்கார்ந்து சாப்பிடலாம். முட்டை ஆகாதென்றால் வேர்க்கடலை, சுண்டல். கேழ்வரகு, முருங்கைக்கீரை உங்கள் பக்கம் தாராளம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

உடம்பு தேறவில்லை என்கிறீர்கள், அதனால் அரசு மருத்துவமனையில் காட்டி ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், முக்கியமாக மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்றால். யாராவது சொல்லி முடிக்கென்று பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடமும் லேபிலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது தைராய்டு ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டும். வட்டமாகப் புழுவெட்டு மாதிரி முடி போனாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே வந்தாலோ, சித்திரை தாண்டியும் உதிர்வு குறையாவிட்டாலோ தோல் டாக்டரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது டெங்குவுக்கு அட்மிட் ஆன டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் போங்கள்.