மாமன் பட்டறையில் ஆறு வருடம்: பி.ஆருக்குக் கணக்கில் வருமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். வருகிற தையில் 33 வயது ஆகிறது. கணபதியில் தாய்மாமன் நடத்தும் பம்ப் பட்டறையில் ஆறு வருடமாக வேலை. சம்பளம் ரொக்கமாகக் கையில் வரும், பி.எஃப். கிடையாது. ஆஸ்திரேலியா பி.ஆருக்காக (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) ஓர் ஏஜென்சிக்குப் போனேன். "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், சம்பள ஸ்லிப் எல்லாம் நாங்களே ரெடி பண்ணித் தருகிறோம்" என்கிறார்கள். மனைவி பி.காம். என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

பதில்: தம்பி, அந்த ஏஜென்சிக்கு இன்னும் பணம் கட்டவில்லையே? கட்டாதீர்கள். பொய்த் தாள் கொடுத்து மாட்டினால் விசா மறுப்பதோடு விட மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு அந்த நாட்டுப் பக்கமே தலைவைக்க முடியாது. கூட விண்ணப்பித்த மனைவிக்கும் அதே கதிதான். ஏஜென்சிக்காரர் பாட்டுக்கு அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ஆஸ்திரேலிய அரசில் பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் அவருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அந்த எண்ணைக் கேளுங்கள். பேச்சு மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். நான் பீளமேட்டில் ஒரு மோட்டார் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதியவள். வெளிநாடு போகிற பையன்கள் எல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் லெட்டருக்கு வந்து நிற்பார்கள். அதனால் சொல்கிறேன், நீங்கள் செய்தது உண்மையான வேலை. 20 பேருக்குக் குறைவாக ஆள் இருக்கும் பட்டறைக்கு பி.எஃப். கட்டாயமும் இல்லை. வேலையைக் காட்டத் தாள் இல்லை என்பதுதான் உங்கள் பிரச்சினை.

வயது, படிப்பு, ஆங்கிலம், அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் ஆஸ்திரேலியா ஆளெடுக்கிறது, முதலில் அதைப் போட்டுப் பார்ப்போம். 25 முதல் 32 வயது வரை 30, 33 ஆகிவிட்டால் 25. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு, எனவே 25 என்றே வைத்துக்கொள்ளுங்கள். பி.இ.க்கு 15. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 7 வாங்கினால் 10. மனைவி ஒவ்வொன்றிலும் 6 வாங்கினால் 5. ஆக 55. ஆறு வருட அனுபவத்தை நிரூபித்தால் இன்னொரு 10. அங்கே 65 தொட்டுவிடுகிறீர்கள். 65 என்பது வரிசையில் நிற்பதற்கான டோக்கன்தான், அதிக மதிப்பெண்காரர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

சரி, அந்தப் பத்தை எப்படி நிரூபிப்பது? உங்கள் படிப்பையும் வேலையையும் மதிப்பிடுவது இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா. அனுபவத்தையும் மதிப்பிடச் சொன்னால், மாமன் கொடுக்கும் லெட்டரோடு வருமான வரி, பி.எஃப். மாதிரி மூன்றாம் தரப்பு ஆதாரமும் கேட்பார்கள். மருமகனுக்கு மாமன் எழுதிய லெட்டர் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்க்கத்தான் செய்வார்கள். நீங்கள் வருமான வரி ரிட்டன் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அப்புறம் பட்டறை பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி நீங்கள் கையெழுத்துப் போட்ட சம்பள வவுச்சர், மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு), இம்பெல்லர் டிராயிங்கின் வலது மூலையில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் உங்கள் இனிஷியல், டெஸ்ட் ரிப்போர்ட், பார்ட்டிக்கு நீங்கள் அனுப்பிய மெயில், எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். வரித்தாளுக்கு இவை ஈடாகாது, ஆனால் அதற்குப் பக்கபலம். லெட்டரில் சேர்ந்த தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். வாரம் 20 மணி நேரமாவது சம்பளத்துக்குச் செய்த வேலை, கடைசிப் பத்து வருடத்துக்குள் செய்தது, இதைத்தான் எண்ணுவார்கள்.

இந்த மாதத்திலிருந்தே சம்பளத்தை பாங்கில் போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள், ஆகவே உங்கள் மாமனின் ஆடிட்டருக்கும் இது சந்தோஷம்தான். கேட்கச் சங்கடமாக இருந்தால் அம்மாவை விட்டுப் பேசச் சொல்லுங்கள். தங்கச்சி சொன்னால் எந்த அண்ணன் தட்டுவான்!

எவ்வளவு தேடியும் ஆதாரம் தேறவில்லையா? அந்தப் பத்தை விட்டுவிடுங்கள், வேறு வழி இருக்கிறது. நாட்டி (NAATI) என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பு அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழும் உண்டு. ஆங்கிலமும் தமிழுமாக இரண்டு உரையாடல்களைக் கேட்டு மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். 90க்கு 63 எடுத்தால், ஒவ்வொரு உரையாடலிலும் 45க்கு 29 இருந்தால், 5 மதிப்பெண். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 7ஐ 8 ஆக்கினால் கூடுதலாகப் பத்து. 491 விசாவுக்கு ஆஸ்திரேலிய மாநிலம் ஒன்று பரிந்துரைத்தால் 15. அது ஐந்து வருட விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த இடங்களில் இருந்து, மூன்று வருடம் வரிக்கணக்கு காட்டிய பிறகு பி.ஆருக்கு விண்ணப்பிக்கலாம். என் அண்ணன் மகள் அடிலெய்டில் அந்த வழியில் போனவள்தான். மாநிலங்கள் தங்களுக்கு வேண்டிய தொழிலாய்ப் பார்த்துப் பொறுக்குவார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் செய்த இன்ஜினியரிங் வேலையைப் பற்றி இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா கேட்கும் மூன்று கட்டுரைகளையும் நீங்களே எழுதுங்கள். ஒன்று காலேஜ் புராஜெக்டாகவே இருக்கலாம். நெட்டில் மாதிரி விற்கிறார்கள். வாங்கினால் அதே மாதிரியை வாங்கிய இன்னொருவரும் அதே வரிசையில் நிற்பார்.

கேள்வி: சர்டிபிகேட் எல்லாவற்றிலும் என் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது. சிக்கல் வருமா?
– வாசகி, கோபி

பதில்: வராது கண்ணு. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே தேர்விலும் விண்ணப்பத்திலும் பதிவு செய். ‘வேறு பெயர்கள்’ என்று கேட்கும் இடத்தில் இனிஷியல் போட்ட பெயரைக் கொடு. இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் வாங்கி வை. மார்க் ஷீட்டைத் திருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

கேள்வி: ஒரே மகன் கனடாவில் பி.ஆர். வாங்கிவிட்டான். காங்கேயம் பக்கம் தோட்டமும் கொஞ்சம் கொறங்காடும் (மேய்ச்சல் நிலம்) என் பெயரில் இருக்கிறது. பி.ஆர். வாங்கினவனுக்கு நிலம் சேராது என்கிறார்கள். இப்போதே அவன் பெயருக்கு தான செட்டில்மென்ட் எழுதிவிடலாமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: அய்யா, அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். பி.ஆர். என்பது குடியுரிமை இல்லை, உங்கள் மகன் இன்னமும் இந்தியக் குடிமகன்தான். ஆனால் வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது என்பது அந்நியச் செலாவணி விதி. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. நீங்கள் உயில் எழுதிப் பதிவு செய்து வைத்தால் உங்கள் காலத்துக்குப் பிறகு தோட்டம் அவனுக்கே. நாளை அவன் கனடாக் குடியுரிமை வாங்கி இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாலும் வாரிசு உரிமை போகாது. விற்க நினைத்தால் மட்டும் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்கலாம். கொறங்காட்டில் விதைப்பு இல்லை, மாடுதான் மேய்கிறது என்று விட்டுவிடாதீர்கள், பட்டாவில் புஞ்சை என்று இருந்தால் அதற்கும் இதே விதிதான். செட்டில்மென்ட் இன்று எழுதினால் நாளைக்கே ‘தோட்டத்தில் கையெழுத்து யார் போடுவது’ என்று மின்வாரியத்திலிருந்து கூட்டுறவு சங்கம் வரை அலைய வேண்டியிருக்கும், அதையும் யோசியுங்கள்.

கேள்வி: கனடாவில் பி.ஆரோடு இருக்கும் மகளுக்குப் பிரசவம். போய்ப் பார்த்துக்கொள்ள சூப்பர் விசா எடுக்கச் சொல்கிறாள். அது எனக்கும் பி.ஆர். மாதிரியா?
– வாசகி, நாமக்கல்

பதில்: இல்லைங்க. பெயர்தான் சூப்பர், நீங்கள் விருந்தாளிதான். ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம், வேலை செய்யக் கூடாது. மகள் வீட்டு வருமானம் அவர்கள் சொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும், உங்கள் பெயரில் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். அந்த பிரீமியம் லேசுப்பட்டதில்லை. பிரசவம் பார்த்து, பேரனுக்கு மொட்டை அடிக்க இங்கே கூட்டிவருவதுதான் திட்டம் என்றால், பொதுவாக ஆறு மாதம் தங்க விடும் சாதாரண விசிட்டர் விசாவே போதும்.