ஸ்கோப்பை எவ்வளவு திருகினாலும் குண்டு கீழேயே விழுகிறது, ஏன்?

உங்கள் ஸ்பிரிங் ஏர் ரைபிளில் 10 மீட்டரில் குண்டு 5 செ.மீ. கீழே விழுகிறது, ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மேலுள்ள உயரத் திருகும் கடைசிவரை போய்விட்டது என்கிறீர்கள். பெரும்பாலும் ஸ்கோப்பின் மேல் குற்றமில்லை.

கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) ஸ்கோப்பில் திருகின் ஒரு கிளிக், குண்டு விழும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ. நகர்த்தும், 10 மீட்டரில் வெறும் 0.7 மி.மீ.தான். 5 செ.மீ. ஏற்ற எழுபது கிளிக் வேண்டும்! பத்து கிளிக் வைத்துவிட்டு "நகரவே இல்லை" என்று சலித்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

நீங்கள் கடைசிவரை போய்விட்டதால், என் சந்தேகம் குழல்மீது. குழலை மடக்கிக் குண்டு போடும் வகை ரைபிளில் குழல் லேசாகத் தலை குனிந்திருப்பது சகஜம். திருகைக் கோடியில் வைத்துச் சுடாதீர்கள். அங்கே ஸ்கோப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் பிடிமானம் இழந்து, குண்டு போகுமிடம் அலையும். திருகை நடுவுக்குக் கொண்டுவந்து, மவுன்டின் (ஸ்கோப்பை ரைபிளில் பிடித்து வைக்கும் தாங்கி) பின்பக்க வளையத்துக்குள் ஸ்கோப்புக்கு அடியில் பழைய ஃபிலிம் சுருள் துண்டு ஒன்றிரண்டு வையுங்கள். இதற்கென்றே சரிவுள்ள மவுன்டும் கிடைக்கிறது, அதுதான் நல்லது. துண்டுகளை அடுக்கிக்கொண்டே போனால் ஸ்கோப் குழாய் நசுங்கும்.

அதற்கு முன் ஒன்று: மவுன்டுக்குப் பின்னால் பென்சிலால் கோடு போட்டு இருபது குண்டு சுடுங்கள். கோட்டுக்கும் மவுன்டுக்கும் இடையே இடைவெளி மாறினால் மவுன்டே வழுக்குகிறது. ஸ்பிரிங் ரைபிள் முன்னும் பின்னும் உதைக்கும், அதனால் மவுன்டை நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் அவசியம். அப்புறம், துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்தும் பாருங்கள்.