பொனி எம்மில் அசல் ஆள் யார்?

அன்புள்ள ஐயா,

மார்கழி பிறந்தால் மட்டக்களப்பு டவுனில் புடவைக்கடைக்குப் புடவைக்கடை பொனி எம் என்ற பழைய டிஸ்கோ குழுவின் கிறிஸ்மஸ் பாட்டுத்தான். அண்மையில் யூடியூபில் அவர்களின் மேடை நிகழ்ச்சி ஒன்று பார்த்தேன். பழைய நால்வரில் ஒரு பெண்தான் நிற்கிறார், மற்றதெல்லாம் இளசுகள். ஆளை மாற்றிவிட்டு அதே பெயரில் காசு பார்ப்பது ஏமாற்று இல்லையா?

- ஒரு வாசகர், கல்முனை

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாற்று என்றால் அது முதல் நாளே நடந்துவிட்டது. 1975இல் பொனி எம் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு வந்தபோது அப்படியொரு குழுவே கிடையாது. ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜேர்மன் தயாரிப்பாளர் கட்டைக்குரல், கீச்சுக்குரல் இரண்டையும் தானே பாடிப் பதிந்தார். பாட்டு ஓடத் தொடங்கியது. மேடையில் காட்ட ஆள் வேண்டுமே, பிடித்தார். சிலர் வந்து போய், 1976இல்தான் லிஸ் மிட்செல், மார்சியா பரட், மெய்சி வில்லியம்ஸ், பொபி ஃபரல் என்ற நால்வர் நிலைத்தார்கள்.

அவர்களிலும் இசைத்தட்டில் பாடியது லிஸும் மார்சியாவும்தான். 'டடி கூல்' பாட்டில் அடித்தொண்டையிலிருந்து வரும் ஆண்குரல் ஃபாரியனுடையது. நெஞ்சு தெரியச் சட்டையைத் திறந்துவிட்டு ஆடிய பொபி வாய் மட்டும் அசைத்தார். பாட்டுப் பதிந்து தரும் ரெக்கோடிங் பாரில் கசெட் உறையைக் காட்டி, "இந்த ஆள்ர குரல்தான்" என்று சத்தியம் பண்ணியவர்களை எனக்குத் தெரியும். உறையில் அவர்தானே எடுப்பாக நிற்கிறார், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்! (மில்லி வனிலி என்ற பாப் இரட்டையரிலும் ஃபாரியன் இதே வேலையைப் பார்த்தார், 1990இல் அவர்களுடைய கிராமி விருது பறிபோனது.)

1981இல் பொபி வெளியேற ரெஜி சிபோ வந்தார். 1986இல் குழு கலைந்தது. பிறகு ஆளுக்கொரு பொனி எம். பொபியும் தன் குழுவோடு ஊர் ஊராக ஆடினார். 2010 டிசம்பர் 30இல், பொனி எம் பாட்டாகவே பாடிய ரஷ்யச் சாமியார் ரஸ்புடின் கொல்லப்பட்ட அதே சென். பீட்டர்ஸ்பேர்க் நகரில், அதே திகதியில் இறந்துபோனார்.

நம் நாட்டு பைலாக் குழுவான ஜிப்சீஸிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதன் பாடகர் சுனில் பெரேரா 2021இல் மறைந்தார், தம்பி பியல் இருக்கிறார். அது குடும்பச் சொத்து. பொனி எம்மோ ஒரு தயாரிப்பாளரின் சரக்கு. அதில் முகத்தை நம்பிப் பயனில்லை, குரலைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் பார்த்த பெண் யார் என்று எழுதவில்லை. லிஸ் என்றால், புடவைக்கடையில் கேட்கும் அதே குரல்தான். தாராளமாகப் பொனி எம் என்று சொல்லுங்கள். மெய்சி என்றால் ஆட்டத்தைப் பாருங்கள்.