கச்சானுக்கு ஒரு முகம், பனிக்கு ஒரு முகம்

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்ப வருகிறது: "போன மாதம் வரை ஒத்துக்கொண்ட கிறீம் இப்போது எரிகிறது." கிறீம் அதேதான், தோல் மாறிவிட்டது. காலையில் பனி, நண்பகலில் சுள்ளென்ற வெயில், நான்கு மணிக்கு மழை என்று மலைநாட்டில் வாழும் நமக்கு வருடம் முழுவதற்கும் ஒரே பராமரிப்பு போதாது. வயதும் பிள்ளைப்பேறும் ஊர் மாறும் பயணங்களும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. ஒரு தோல் வைத்தியராக என்னிடம் வந்தவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே முகத்தில் எண்ணெய் வழியும். நாளுக்கு மூன்று தடவை ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவுவேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் இரண்டாம் நாளே கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, மூக்கோரம் உரிகிறது. தோட்டத்துத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, மஸ்கெலியா

தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். கொழும்பின் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் தோலிலிருந்து நீர் எளிதில் வெளியேறுவதில்லை. மலைக்குளிரில் காற்று தாங்கும் நீரின் அளவு குறைவு. அதிலும் இரவெல்லாம் அடுப்பங்கரையில் குளிர்காய்ந்தால், அந்தச் சூட்டில் இருக்கிற ஈரமும் போய்விடும். தோலின் மேலடுக்கில் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் நீரைக் காப்பது அதுதான். கொழும்பில் அதைக் கழுவிவிட்டாலும் சில மணி நேரத்தில் ஈடுகட்டிக்கொள்வீர்கள். இங்கே அதே மூன்று தடவைக் கழுவலைத் தோல் தாங்காது.

பஸ் கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போது ஜன்னலை மூடச் சொல்லும் குளிர் வரும் அல்லவா? உங்கள் பராமரிப்பும் அங்கேயே மாறட்டும். ஊரில் இருக்கும் நாட்களில் காலையில் வெறும் தண்ணீர், இரவில் மட்டும் ஒரு தடவை மென்மையான ஃபேஸ் வாஷ். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். முகத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்கு முன்பே வாசனையற்ற, சற்றுக் கெட்டியான கிறீமைப் பூசுங்கள். கொழும்பு திரும்பியதும் உங்கள் பழைய ஜெல்லுக்குப் போகலாம். எந்த ஊரில் இருந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள்: முகத்தைக் கழுவி, ஒன்றும் பூசாமல் அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். இழுத்தால் கெட்டிக் கிறீம், மினுங்கினால் ஜெல்.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் உதடு வெடிக்கிறது. வகுப்பில் பேசப் பேச இரத்தம் கசிகிறது. லிப் பாம் பூசியும் பயனில்லை.
– ஆசிரியை, பண்டாரவளை

மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக ஊவா மாகாணத்துக்குள் இறங்குகிறது கச்சான். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அதே வறட்சிதான் உங்கள் உதட்டையும் வெடிக்கவைக்கிறது. உதட்டில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. நாக்கால் ஈரப்படுத்தினால் அந்த ஈரம் ஆவியாகும்போது வறட்சி இன்னும் கூடும். மெந்தோல் என்னும் குளிர்ச்சிப் பொருளும் வாசனையும் சேர்த்த லிப் பாமை விட்டுவிடுங்கள். சாதாரண வாசலினைப் படுக்கும் முன்பும் வீட்டை விட்டு இறங்கும் முன்பும் தடிப்பாகப் பூசுங்கள். வெடிப்பு வாயோரங்களில் மட்டும் இருந்தால் அது பூஞ்சையாகவோ இரும்புச்சத்துக் குறைவாகவோ இருக்கலாம். வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள்.

வயது 49. முப்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் கருமை படர்ந்திருக்கிறது. மாதவிலக்கு நின்று ஒரு வருடமாகிறது, முகமும் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் வெயிலே இல்லை, அப்போதும் கருமை குறையவில்லையே?
– வாசகி, பொகவந்தலாவை

அக்கா, உங்கள் கடிதத்தை வாசித்தபோது என் அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரும் மலைக்குப் போனவர்; அவர் கன்னத்திலும் இந்த மங்கு இருந்தது. இது அழுக்கு இல்லை, தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்கக் கருக்கும்.

வெயில் தெரியாததால் வெயில் இல்லை என்று நினைக்கிறோம். உயரம் 1,000 மீற்றர் கூடும்போது புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீற்றரில் இருக்கிறது. குளிர்காற்று சூட்டை மறைக்கிறது. மெல்லிய மேகமோ கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. ஆகவே சாரல் நாளிலும் உங்கள் கன்னம் கதிரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

"அகலமான தொப்பி போடுங்கள்" என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கூடைக் கயிறு தலையில் கிடக்கும்போது தொப்பி நிற்காது என்பது எனக்குத் தெரியும். அம்மா தலைத்துண்டின் முன்விளிம்பை மடித்து, உள்ளே வளையாத பிளாஸ்டிக் துண்டொன்றைச் செருகித் தைத்துக்கொள்வார். நெற்றிக்கு மேலே நான்கு விரல் நீளத்துக்கு அது கூரை போல நிற்கும். கயிறு அதற்குப் பின்னால் உட்காரும். முதலில் இதைச் செய்யுங்கள். அடுத்தது சன்ஸ்கிரீன்: எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிழிந்த அளவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசுவதுதான் முறை. மலையில் அது முடியாவிட்டால் மதியம் கொழுந்தை எடை போட்ட பிறகாவது மறக்காமல் பூசுங்கள். மங்குக்கு இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட வகை மேலானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்குத் திட்டைக் கருக்கவைக்கும், அதையும் இது தடுக்கும். கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள். கருமையைக் குறைக்கும் கிறீம்களை வைத்தியர் எழுதித் தந்தால் மட்டும், அவர் சொன்ன காலத்துக்கு மட்டும் பூச வேண்டும்.

முகம் காய்வதற்குக் காரணம் வேறு. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருடங்களில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் ஏறத்தாழ 30 வீதம் குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பும் தளர்கிறது. இருபது வயதில் ஒத்துக்கொண்ட சவர்க்காரம் இனி உங்கள் முகத்துக்கு வேண்டாம். இரவில் கெட்டியான கிறீம் பூசுங்கள்.

மூன்று மாதத்தில் கல்யாணம். டவுனில் வாங்கிய கிறீம் இரண்டு வாரத்திலேயே முகத்தை வெளுப்பாக்கியது. ஒரு நாள் பூசாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது. தாடையில் முடியும் வளர்கிறது. நிறுத்தவும் பயம், பூசவும் பயம்.
– வாசகி, தலவாக்கலை

தங்கச்சி, பயந்து எழுதினீர்களே, நல்லது. இதே முகத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஏராளம். உள்ளங்கைக்குள் அடங்கும் டப்பா, மூடியில் ஒரு வெள்ளைக்காரியின் படம், தயாரித்தவரின் விலாசமும் இல்லை, உள்ளடக்கப் பட்டியலும் இல்லை. இரண்டு வாரத்தில் வெளுக்கவைக்கும் கிறீமில் பெரும்பாலும் ஸ்டீரொய்டோ பாதரசமோ இருக்கும், சிலவற்றில் இரண்டுமே. நீங்கள் சொல்லும் சிவப்பும் எரிச்சலும் முடியும் ஸ்டீரொய்டின் அடையாளங்கள். அது தோலை மெலியவைத்துவிடும். மெலிந்த தோலுக்குள் சிவந்த இரத்தக் குழாய்கள் சிலந்தி வலை போலத் தெரியத் தொடங்கும்.

பாதரசம் இன்னும் கொடியது. தோல் வழியாக உடலில் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆவியாகவும் வெளியேறுவதால் உங்கள் அருகில் படுக்கும் தங்கைக்கும் கைக்குழந்தைக்கும் போய்ச் சேரும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பொருட்களின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2025 உடன் முற்றாக நிறுத்த மினமாட்டா உடன்படிக்கையில் நாடுகள் இணங்கியிருக்கின்றன. இலங்கையும் அதில் உறுப்பு நாடுதான். ஆனாலும் கடைத்தட்டில் டப்பா இருக்கிறது.

இந்த வாரமே தோல் நோய்க் கிளினிக்குக்குப் போங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். ஸ்டீரொய்டை எப்படி நிறுத்துவது என்பதை வைத்தியர் முகத்தைப் பார்த்துச் சொல்வார். சிறுநீரும் சோதிக்க வேண்டியிருக்கலாம். அதுவரை வாசனையற்ற கிறீமும் சன்ஸ்கிரீனும் தவிர வேறெதுவும் முகத்தில் படக்கூடாது. ஃபேஷியல் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், எலுமிச்சை வேண்டவே வேண்டாம். நிறுத்திய பிறகு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் முகம் இன்னும் சிவக்கும். அந்த நாட்களில் யாராவது "பழைய கிறீமையே பூசு" என்பார்கள், கேட்காதீர்கள். கல்யாணப் படத்தில் உங்கள் சொந்த நிறம் இருக்கட்டும். அந்த நிறத்துக்கு எந்த நோயும் இல்லை.

அம்மாவின் விரல்களில் கொழுந்துக் கறை ஏறி, வெடித்து இரத்தம் வருகிறது. எலுமிச்சையும் சலவைத் தூளும் போட்டுத் தேய்க்கிறார்.
– வாசகர், டிக்கோயா

தேய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், தம்பி. பக்டரியில் கொழுந்து கறுப்பது எப்படியோ அப்படித்தான் விரலில் பட்ட சாறும் காற்றுப் பட்டுக் கறுக்கிறது. கறையால் கெடுதி இல்லை. வெடிப்பு வழியாகக் கிருமி நுழைவதுதான் ஆபத்து. இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, ஒற்றித் துடைத்து, வாசலினைத் தடிப்பாகப் பூசிப் பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிவிடுங்கள். பாமசியில் கிடைக்கும் 10 வீத யூரியா கிறீம், வெடிப்பு மூடிய பிறகு நல்லது. திறந்த புண்ணில் எரியும். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்காதீர்கள். ஜனவரிக் குளிரில் விரல் சிவந்து வீங்கி அரித்தால் நேரே அடுப்புத் தணலில் காட்டக்கூடாது. துணியில் சுற்றி மெதுவாகச் சூடாக்குங்கள்.

மூன்று மாதக் கர்ப்பிணி. பருவுக்கு ரெட்டினோல் கிறீம் பூசி வந்தேன்.
– வாசகி, பதுளை

நிறுத்திவிடுங்கள், பூசியதை நினைத்துக் கலங்க வேண்டாம், அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். அசெலயிக் அமிலம் கர்ப்பகாலத்தில் பூசக்கூடியது, வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். பருவுக்கு மாத்திரை ஏதும் எடுத்திருந்தால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியரைப் பாருங்கள்.

ஏழு வயது மகனின் கன்னத்தில் வெளிறிய திட்டுகள். வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தோம், மாறவில்லை.
– வாசகி, நானுஓயா

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது வறட்சித் திட்டு; பூச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓரம் தெளிவில்லாமல், மேலே மெல்லிய பொருக்கோடு இருக்கும். பனியும் வெயிலும் மாறி மாறிப் படும் மாதங்களில் தெளிவாகத் தெரியும். காலையும் இரவும் கிறீம் பூசுங்கள், முகத்துக்குச் சவர்க்காரம் போடாதீர்கள். நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். திட்டு பால் போல வெளுத்திருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பிள்ளையின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை நூலாகத் திரித்துத் திட்டின் மேலும் பக்கத்துத் தோலிலும் மாறி மாறித் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டட்டும். திட்டின் மேல் தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அடுத்த நாளே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அப்படியே இருந்தாலும் அஞ்ச வேண்டாம். மருந்து இலவசம், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை, முற்றாகக் குணமாகும். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதையும் நிறுத்த வேண்டியதில்லை.