பச்சிலைச் சாறும் சீழ்ப்புண்ணும்: கேள்வி பதில்

கட்டி, கொப்புளம், சீழ்ப்புண் என்று பாக்டீரியாவால் தோலில் வரும் தொல்லைகளுக்குப் பச்சிலை கேட்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மருந்தியல் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறவள் நான், மருத்துவர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐந்து வயதுப் பையனுக்குக் கால் முழுக்கச் சிரங்கு. குப்பைமேனி, மஞ்சள், உப்பு மூன்றையும் அரைத்துப் பூசச் சொல்கிறார் மாமியார். பூசலாமா? (திண்டுக்கல்)

அம்மா, முதலில் ஒன்று பாருங்கள். பையனுக்கு ராத்திரியில் அரிப்பு அதிகமா? விரலிடுக்கிலும் இடுப்பிலும் சின்னச் சின்னப் பொரி இருக்கிறதா? வீட்டில் வேறு யாராவது சொறிகிறார்களா? ஆம் என்றால், தோலுக்குள் வளை தோண்டும் சிறு பூச்சிதான் மூலம். சொறிந்து புண்ணான இடத்தில் பாக்டீரியா பிறகு வந்து சேர்ந்திருக்கிறது. பூச்சியை விட்டுவிட்டுச் சீழுக்கு மட்டும் எதைப் பூசினாலும் புண் திரும்பத் திரும்ப வரும். டாக்டரைப் பார்த்து, வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பெர்மெத்ரின் களிம்பு பூச வேண்டியிருக்கும்.

குப்பைமேனிச் சாறு, சீழ் வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மாமியார் சொல்வது ஆதாரமே இல்லாத பேச்சு அல்ல. ஆனால் மண்ணில் கிடந்த இலையை அம்மியில் அரைத்துத் திறந்த புண்ணில் அப்பினால், மருந்தோடு மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்தே போகும். உப்பு எரியும், குழந்தை அலறும். சோப்புத் தண்ணீரில் மெல்லக் கழுவி, பொருக்கை ஊறவைத்து எடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொன்று. சிலவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தோலில் புண் வைத்தால், புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடச் சிறுநீரகத்தைத் தாக்கும். காலையில் முகம் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குப்பைமேனியை உள்ளுக்கும் கொடுத்தால் சீக்கிரம் ஆறுமா? (மட்டக்களப்பு)

வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் குப்பைமேனி சேர்ந்த கஞ்சி குடித்து, இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை உங்கள் நாட்டு மருத்துவர்களே 1996இல் எழுதியிருக்கிறார்கள். தனக்கு அந்தக் குறை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். வேப்பிலை மெத்தனால் சாறு 18 மி.மீ. வளையம் காட்டியது, சிப்ரோஃப்ளாக்சசின் வட்டு 22 மி.மீ. கிட்டத்தட்ட சமம் என்று முடிவு எழுதலாமா?

எழுதாதீர்கள் தம்பி. வைவாவில் முதல் கேள்வியே அதில்தான் வரும். (மற்றவர்களுக்கு: கிருமி பரப்பிய தட்டில் மருந்தை வைத்தால், அதைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக நிற்கும் இடம்தான் வளையம்.)

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் வட்டில் இருப்பது 5 மைக்ரோகிராம். நீங்கள் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் கரைசலில் 50 மைக்ரோலிட்டர் ஊற்றியதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் உங்கள் குழியில் 5 மில்லிகிராம், அதாவது 1000 மடங்கு. அவ்வளவு கொட்டினால் சமையலறையில் பாதிப் பொருள் வளையம் காட்டும். வளையத்தின் அகலம் வீரியத்தை மட்டும் சொல்வதும் இல்லை. தண்ணீரில் கரையும் பொருள், தட்டிலுள்ள அகார் கூழில் தூரம் ஓடும், பிசின் போன்ற பொருள் நல்ல மருந்தாக இருந்தாலும் குழியோரமே நின்றுவிடும். கிருமியைத் தடுத்தது இலையா, அதைக் கரைத்த மெத்தனாலா என்று தெரிய, மெத்தனாலை மட்டும் ஊற்றிய குழி ஒன்று வைத்தீர்களா? கேள்வியில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே!

செய்ய வேண்டியது குழம்பு நீர்ப்பு முறை (broth dilution), அதாவது கிருமி வளரும் ஊட்டநீரில் சாற்றைப் படிப்படியாக நீர்த்துச் சோதிப்பது. ஏடிசிசி 25923 போன்ற, ஆய்வகங்கள் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் நிலையான ஸ்டஃபைலோகாக்கஸ் வகையை வைத்து, வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். செடிச் சாறு மில்லிக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வேலை செய்தால் இத்துறையில் நிமிர்ந்து உட்காருவார்கள். பல மில்லிகிராம் தேவைப்பட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள், அதுவும் ஒரு முடிவுதான். அப்புறம் அதே அளவு மனிதத் தோல் செல்லைக் கொல்கிறதா என்று பார்க்காமல் 'புண்ணுக்கு மருந்து' என்ற சொல்லைத் தொடவே கூடாது. கிருமியையும் செல்லையும் சேர்த்துக் கொல்லும் பொருளுக்குப் பெயர் மருந்து இல்லை.

அப்படியென்றால் செடியில் ஒன்றுமே இல்லை என்கிறீர்களா?

நான் எங்கே அப்படிச் சொன்னேன்! மரமஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பெர்பெரின் தனியாகப் போனால் ஸ்டஃபைலோகாக்கஸ் அதை உள்ளே வந்த வேகத்தில் வெளியே இறைத்துவிடும். அதற்கென்று அதன் சவ்வில் நார்-ஏ என்றொரு பம்பு இருக்கிறது. பெர்பெரின் தயாரிக்கும் சில பெர்பெரிஸ் செடிகள், அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் கூடவே தயாரிப்பதை 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். முழுச் சாறு வேலை செய்து, பிரித்தெடுத்த பொருள் சோடை போவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

2015இல் வந்தது எனக்கு இன்னும் பிடித்த வேலை. ஐரோப்பியச் செஸ்ட்நட் மரத்தின் இலைச் சாறு ஸ்டஃபைலோகாக்கஸைக் கொல்லவே இல்லை. கிருமிகள் கூட்டம் சேர்ந்ததும் தங்களுக்குள் அனுப்பும் ரசாயனச் செய்தியை மட்டும் தடுத்தது. செய்தி நின்றதும் நச்சுப் பொருள் சுரப்பதும் நின்றது, எலிகளின் தோல் புண் சிறிதானது. நம் தம்பியின் வளையச் சோதனையில் இந்தச் சாறு ஃபெயில் ஆகியிருக்கும். இரண்டுமே இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பருவுக்கு டீ ட்ரீ ஆயில்?

அது தேயிலை எண்ணெய் இல்லை, ஆஸ்திரேலிய மரமொன்றின் இலையில் வடிப்பது. 5 சதவீத ஜெல்லாக இருந்தால் சரி. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம், பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. எண்ணெய் மெதுவாகக் கேட்டது, எரிச்சல் போன்ற தொல்லை குறைவு. நீர்க்காத எண்ணெயை அப்படியே தடவாதீர்கள். திறந்து நாளான பாட்டிலில் எண்ணெய் காற்றுப் பட்டு மாறி ஒவ்வாமை தரும். விழுங்கினால் விஷம், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பூண்டை நசுக்கிக் கட்டினால்?

தோல் வெந்துபோகும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் புண். மத்தன் தைலம் போதுமா? (திருநெல்வேலி)

அது சித்த மருத்துவத்தில் புண்ணுக்குப் பேர்போன தைலம். ஊமத்தை இலைச் சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சுவது. மயில்துத்தம் என்பது செம்புச் சல்ஃபேட், அதற்கே கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் சர்க்கரைப் புண்ணில் ஆபத்து மேலே தெரிவதில்லை. இரத்த ஓட்டம் எப்படி, எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமல் எந்தத் தைலமும் போதாது. சித்த மருத்துவரிடம் போனாலும் பட்டம் பெற்றவரிடம் போங்கள், சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தொடையில் கட்டி. மஞ்சள் சுண்ணாம்புப் பற்று போடுகிறோம். எத்தனை நாள் பார்க்கலாம்?

சுண்ணாம்பு கூடினால் தோல் புண்ணாகும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். சிறு கட்டி பல நேரம் தானே உடைந்து ஆறிவிடும், பிதுக்காதீர்கள். பெரிதாகிச் சீழ் கட்டினால் கீறி வெளியேற்றுவதுதான் வைத்தியம். இலையோ களிம்போ அவ்வளவு உள்ளே போகாது. இன்று ராத்திரி சிவப்பின் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். காலையில் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் நேரே டாக்டரிடம் போங்கள். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.