புள்ளியை விடுங்கள், மூச்சைப் பாருங்கள்

மும்பையில் கடல் மீன் வளர்க்கும் நம் ஆட்கள் கேட்டவை இவை. ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

செம்பூர்: அக்கா, கிராஃபோர்டு மார்க்கெட்டில் வாங்கிய ப்ளூ டாங் மீனின் உடம்பில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. நாலு நாளில் தானாகவே போய்விட்டன. இனி பயமில்லையே?

இனிதான் பயம். இது கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி, கடையில் ஒயிட் ஸ்பாட் என்பார்கள். மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் தின்று கொழுத்தபின் உதிர்ந்து, மணலிலோ கல்லிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் ஒன்று பலநூறாகப் பெருகும். புள்ளி போய்விட்டது என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும் நாட்களில் நடப்பது இதுதான். கூடு திறந்ததும் அத்தனையும் மீனைத் தேடி வரும், செவுளுக்குள்ளும் புகும்.

கூட்டுக்குள் மருந்து வேலை செய்யாது. அதனால் டாங்கை மட்டுமல்ல, எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள். பெரிய தொட்டியில் 76 நாள் மீனே இருக்கக் கூடாது. 72 நாள் கழித்துக்கூடக் கூடு திறந்ததாகப் பதிவு இருப்பதால் இந்தக் கணக்கு. நத்தை, இறால் அங்கேயே இருக்கலாம், அவற்றின்மேல் இது வாழாது.

தாராவி: தனித் தொட்டியில் காப்பர் மருந்து ஊற்றினேன். நண்பர் சொன்ன அளவுதான். மீன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது.

நண்பர் எந்தக் காப்பருக்குச் சொன்னார்? கீலேட் செய்த (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த) காப்பர் என்றால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். வெறும் காப்பர் சல்ஃபேட் என்றால் 0.15 முதல் 0.2 மில்லிகிராம் காப்பர்தான். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் பத்து மடங்கு தப்பு. நாட்டு மருந்துக் கடை மயில்துத்தத்தை (அதுவும் காப்பர் சல்ஃபேட்தான்) வாங்கிக் கரைத்துப் போடுபவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: அளந்து பார்க்கக் கிட் இல்லாமல் காப்பரைத் தொடாதீர்கள்.

இப்போது பாதித் தண்ணீரை மாற்றி அளவைக் குறையுங்கள். மீன் சாப்பிடத் தொடங்கியதும் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, 30 நாள் அதே அளவில் நிறுத்துங்கள். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். தொட்டியில் மணல், கல், கார்பன் வேண்டாம், அவை காப்பரை உறிஞ்சிவிடும். அம்மோனியா நீக்கும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். சில வகைக் காப்பர் அதனோடு சேர்ந்தால் மீனுக்கே விஷமாகிவிடும்.

மாட்டுங்கா: க்ளவுன் மீன் மேலே வந்து வேகமாக மூச்சு வாங்குகிறது. புள்ளி எதுவும் தெரியவில்லை. காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்காதீர்கள். இந்தத் தொகுப்பில் அவசரமான கேள்வி இதுதான். புள்ளி தெரியும்வரை காத்திருந்து மீனை இழப்பவர்கள்தான் அதிகம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். தோலில் மாவு படிந்ததுபோல மெல்லிய தூசு, அலை மோட்டாரின் வேகத்துக்கு நேராகப் போய் நிற்பது, வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவது இருந்தால் அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். அது முதலில் செவுளைத்தான் பிடிக்கும், சில நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். சாதாரணத் தண்ணீரில், உப்பு மட்டும் இல்லாமல், சூடும் பிஹெச்சும் (அமில-காரத் தன்மை) தொட்டிக்குச் சமமாக வைத்து ஐந்து நிமிடம் முக்கினால் செவுளில் ஒட்டியிருப்பவற்றில் ஒரு பகுதி கழன்று மூச்சு கொஞ்சம் சீராகும். குணமாகாது. உடனே காப்பர் தொடங்க வேண்டும்.

தூசுக்குப் பதிலாகச் சளி திட்டுத்திட்டாக உரிந்து தொங்கினால் அது ப்ரூக்லினெல்லா என்ற மற்றோர் ஒட்டுண்ணி. கடலில் பிடித்த க்ளவுன்களில் அடிக்கடி வரும். இதற்குக் காப்பர் பயன்படாது, ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) குளியல்தான் வழி. ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஒற்றை அறை வீட்டில், குழந்தை தூங்கும்போது அந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். கையுறை போட்டு, காற்றோட்டமான பால்கனியில் செய்யுங்கள். குளியல் முழுக்க ஏர் பம்ப் ஓட வேண்டும், ஃபார்மலின் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும்.

சயான்: வீட்டில் இடமில்லை. தனித் தொட்டிக்கு என்ன குறைந்தபட்சம்?

40 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும், டாங் போன்ற பெரிய மீனுக்குக் கூடுதலாக. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி எல்போ, மூடி. ஸ்பாஞ்சை இப்போதே பெரிய தொட்டியின் சம்பில் (கீழே உள்ள வடிகட்டும் தொட்டி) போட்டு வையுங்கள், நாலைந்து வாரத்தில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா ஏறிவிடும். ஆனால் நோய் வந்தபின் அங்கிருந்து எடுக்காதீர்கள், ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

தனித் தொட்டியில் சாகும் மீன்களில் பல, நோயால் சாவதில்லை, அம்மோனியாவால் சாகின்றன. கடல் நீரின் பிஹெச் 8.2 அளவில் இருப்பதால் அம்மோனியாவின் விஷம் கூடுதல். சென்னையிலிருந்து பையில் வரும் மீனுக்கும் இதே கதைதான். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறும், உள்ளே சேர்ந்த அம்மோனியா விஷமாகும். அதனால் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் விடாதீர்கள். தனித் தொட்டியின் உப்பைப் பைத் தண்ணீருக்குச் சமமாக முன்பே வைத்துவிட்டு, மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

முலுண்ட்: ஜூஹுவில் கடல் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா? செலவு மிச்சம்.

வேண்டாம். சாக்கடையும் எண்ணெயும் கலந்த கரை அது, மழைக்காலத்தில் உப்பும் இறங்கிவிடும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிக்ஸ் கலந்து, உப்பைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025-இல் வையுங்கள்.

காட்கோபர்: பூண்டுச் சாறு ஒயிட் ஸ்பாட்டைக் குணப்படுத்துமா?

உணவில் கலந்தால் சில மீன் ஆசையாகச் சாப்பிடும். அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள்தூள் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள், அது ரசத்தில் இருக்கட்டும்.

தாணே: ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து மாமா பவளப் பாறைத் துண்டும் ஒரு ஜோடி கடல் குதிரையும் கொண்டுவருகிறேன் என்கிறார். அவற்றையும் தனிமையில் வைக்க வேண்டுமா?

கொண்டுவரவே கூடாது. 2001 முதல் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. மாமாவுக்கு இன்றே போன் செய்துவிடுங்கள்.